தேர்தல் தமிழ், தேர்தல் ஹிந்தி

2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. தில்லி சட்டசபைத் தேர்தல் முடிவு வெளியான மறுநாள். மயூர் விஹார் முதல் பேஸில் எங்கள் வீட்டு பால்கனியில் வெயில் காய்ந்தபடி ஹிந்தி தினசரியைப் புரட்டிக் கொண்டிருந்தேன். பா.ஜ.க. 48, ஆம் ஆத்மி 22. காங்கிரசுக்கு 2015, 2020 போலவே இந்தத் தடவையும் ஒரு இடம்கூட இல்லை. அதைச் சொல்லும் இடத்தில் 'சூப்டா ஸாஃப்' என்று போட்டிருந்தது. நாற்பத்தைந்து வருஷமாக இந்த ஊரில் ஹிந்தி பேசுகிறேன். இந்த வார்த்தையை நூறு தடவையாவது படித்திருப்பேன். ஆனால் சூப்டா என்றால் என்ன என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

ஏழாம் வகுப்பு படிக்கும் பேத்தியைக் கேட்டேன். "எல்லாத்துலயும் தோத்துட்டாங்கன்னு அர்த்தம் தாத்தா" என்றாள். "அது சரி, சூப்டான்னா என்ன?" என்றால் அவளுக்கும் தெரியவில்லை. வீட்டு வேலைக்கு வரும் பிஹார்க்காரப் பெண்தான் சிரித்துக்கொண்டே, "அங்கிள்ஜி, சூப்!" என்று இரண்டு கைகளையும் நீட்டிப் புடைத்துக் காட்டினாள். முறம்! சட் பூஜையின்போது யமுனைக் கரையில் பழங்களை வைத்துச் சூரியனுக்குக் காட்டுவார்களே, அந்த மூங்கில் முறம். புடைத்து முடித்தபின் முறத்தில் ஒரு மணிகூட மிச்சமில்லை என்பதுதான் 'சூப்டா ஸாஃப்'. சம்ஸ்கிருதத்தில் இது சூர்ப்பம். முறம் போன்ற நகம் உடையவள் சூர்ப்பணகை. நம் பக்கத்தில் முறத்தால் புலியை விரட்டினார்கள், இங்கே கட்சிகளைப் புடைக்கிறார்கள் என்று என் மனைவி சொன்னாள்.

நான் மொழி ஆராய்ச்சி செய்கிறவன் அல்ல. மெக்கானிக்கல் டிப்ளமா முடித்து 1979-ல் ரயில்வேயில் சேர்ந்து, பெரும்பாலும் டீசல் எஞ்சின்களோடு காலத்தைக் கழித்து ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பின் பொழுதுபோக்காக ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். தேர்தல் செய்திகளில் வரும் உவமைகளை இடது பக்கம் தமிழிலும் வலது பக்கம் ஹிந்தியிலும் எழுதி வைப்பது வழக்கம். அடியில் இடம் இருந்தால் ஆங்கிலம். அந்த நோட்டிலிருந்து சிலவற்றை நம் வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளத் தோன்றியது. ஒரே தேர்தலைத்தான் மூன்று பாஷையும் சொல்கின்றன. ஆனால் படிக்கும்போது மூன்று வேறு ஊர்களில் நடந்தது போல இருக்கும்.

ஹிந்தித் தினசரிகளுக்குத் தேர்தல் என்றால் மல்யுத்தம். 'சுனாவி தங்கல்', 'அகாடா' என்ற சொற்கள் இல்லாத நாளே இருக்காது. அகாடா என்பது பயில்வான்கள் பயிற்சி செய்யும் மண் கோதா. வேட்பாளர் மனு தாக்கல் செய்தால் 'தால் டோக்கி', அதாவது தொடை தட்டினார். தோற்றால் 'சாரோ கானே சித்', மல்லாந்து விழுந்தார். வடக்கத்திக் குஸ்தியில் எதிராளியின் முதுகு மண்ணில் பட வேண்டும், அப்போதுதான் வெற்றி. அதனால் தோற்கடிப்பதை 'ஆஸ்மான் திகானா', வானத்தைக் காட்டுவது என்றும் சொல்வார்கள். நம் தமிழில் தோற்றவர் மண்ணைக் கவ்வுகிறார். அவர் குப்புற விழுகிறார், இவர் மல்லாந்து விழுகிறார், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று ஒரு பழமொழியையும் சேர்த்து வைத்தார்கள் பாருங்கள், நம் பெரியவர்கள்! முடிவு வெளியான அன்று மாலை தோற்ற கட்சிகள் தரும் அறிக்கையை எல்லா பாஷையிலும் இதற்குள் அடக்கிவிடலாம்.

தமிழ்ப் பத்திரிகைக்குத் தேர்தல் என்றால் களம். களம் இறங்கினார், களம் கண்டார், களம் சூடு பிடித்தது. ஆங்கிலப் போர்க்களத்தைப் பார்த்து எழுதியது என்றுதான் நான் முதலில் நினைத்தேன். அப்புறம்தான் யோசித்தேன். நம் ஊரில் நெல் அடிக்கும் இடமும் களம்தான். 'போர்' என்றாலும் சண்டையும் உண்டு, வைக்கோற்போரும் உண்டு. ஏர்க்களத்தையும் போர்க்களத்தையும் பழைய புலவர்கள் ஜோடியாக வைத்துப் பாடியிருக்கிறார்கள். ஆகவே வாக்கு 'அறுவடை' என்று எழுதுகிறவர் தம்மை அறியாமலே பழைய வழியில்தான் போகிறார்.

வென்றவர் 'வாகை சூடினார்' என்பதும் அப்படித்தான். வாகை, வெற்றிக்குரிய பழைய பூ. 2024 ஆகஸ்டில் தமிழக வெற்றிக் கழகம் வெளியிட்ட கொடியில் இரண்டு யானைகளுக்கு நடுவே இருப்பதும் வாகைப் பூதான். வாகை மரம் எப்படி இருக்கும் என்று தில்லியில் பிறந்த நம் பிள்ளைகள் கேட்டால் ஊருக்கு அழைத்துப் போக வேண்டாம். இங்கே சாலையோரத்தில் 'சிரிஸ்' என்ற பெயரில் நிற்கிறது. பனிக்காலத்தில் காய்ந்த நெற்றுகள் கலகலவென்று சத்தம் போடுமே, அதுதான்.

கோட்டை இரண்டு பக்கமும் உண்டு. நமக்குக் கோட்டை என்பது வெறும் உவமை இல்லை. சட்டசபையும் தலைமைச் செயலகமும் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருப்பதால், கோட்டையைப் பிடித்தார் என்றால் நிஜமாகவே கோட்டைதான். ஹிந்தியில் ஒரு கட்சிக்குச் செல்வாக்குள்ள பகுதி 'கட்'. அந்தக் கோட்டையில் எதிர்க்கட்சி நுழைந்தால் 'ஸேந்த் லகாயி' என்று எழுதுவார்கள். ஸேந்த் என்றால் திருடன் சுவரில் வைக்கும் கன்னம். நாம் 'கோட்டையில் ஓட்டை' என்று எதுகை பார்த்து நிறுத்திக் கொள்கிறோம். அவர்கள் கன்னக்கோலோடு ஆளையே அனுப்பிவிடுகிறார்கள்.

ஒட்டகத்துக்கும் பூனைக்கும் வருவோம். யார் ஜெயிப்பார் என்று தெரியாதபோது ஹிந்தியில் 'ஊண்ட் கிஸ் கர்வட் பைட்டேகா' என்பார்கள், ஒட்டகம் எந்தப் பக்கம் சாய்ந்து உட்காருமோ என்று. அந்த இடத்தில் நாம் மதில் மேல் பூனையை வைப்போம். ஒட்டகம் ஒரு முறை உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். பூனை அப்படி இல்லை, குதித்த பிறகும் மறுபடி மதில் ஏறும். கட்சி மாறுவதை நாம் 'தாவல்' என்று சொல்வதும் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான். ஹிந்தியில் அது 'தல்-பதல்', வெறும் மாற்றம். ஆனால் 1967-ல் ஹரியானாவில் கயா லால் என்ற எம்.எல்.ஏ. இரண்டு வாரத்துக்குள் மூன்று தடவை கட்சி மாறியதிலிருந்து 'ஆயா ராம், கயா ராம்' என்று ஒரு பெயரே நிலைத்துவிட்டது. எம்.எல்.ஏ.க்களை விலை பேசுவதைக் 'குதிரை பேரம்' என்பது மட்டும் ஆங்கிலத்திலிருந்து வந்த இறக்குமதி. நம் பக்கம் மாட்டுச் சந்தைதான் அதிகம், துண்டைப் போட்டு அதன் கீழ் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். அந்த உவமை இன்னும் பொருத்தமாக இருந்திருக்கும், ஏனோ யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காவிட்டால் ஆங்கிலத்தில் சபை தொங்குகிறது. தமிழிலும் அப்படியே 'தொங்கு சட்டசபை'. ஹிந்தியில் அது 'திரிசங்கு'. விசுவாமித்திரர் மேலே அனுப்ப, தேவர்கள் கீழே தள்ள, நடுவில் நின்ற ராஜா. தில்லியில் 2013 டிசம்பரில் பா.ஜ.க. 31, ஆம் ஆத்மி 28, காங்கிரஸ் 8 என்று வந்தபோது இந்த ராஜா தினமும் பேப்பரில் இருந்தார். 70 பேர் சபையில் 36 வேண்டும், யாரிடமும் இல்லை. அப்படி அமைந்த அரசு 49 நாள் நடந்தது. தில்லி அரசே ஒரு திரிசங்குதானே என்று மேல் வீட்டு லக்னோக்காரர் சொல்வார். 1991-ல் 69-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வந்து, 1993-ல் சட்டசபைக்குத் தேர்தலும் நடந்தது. ஆனாலும் முழு மாநிலமும் இல்லை, முழு யூனியன் பிரதேசமும் இல்லை. "நீங்கள் மதராஸிகளும் அப்படித்தான், பாயி சாஹிப்" என்று அவர் ஒரு நாள் சேர்த்துக் கொண்டார். மறுத்துப் பேச எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

இனி என் இலாகாவுக்கு வருகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. 1980 ஜனவரியில் லோக்சபா தேர்தல். ஷெட்டுக்கு வெளியே டீக்கடையில் ஒருவர், தம் ஊர்த் தலைவரின் 'டிகட் கட் கயா' என்று வருத்தமாகச் சொன்னார். ஸ்டேஷனில் 'டிகட் கடானா' என்றால் டிக்கெட் வாங்குவது என்று அதற்குள் கற்றுக்கொண்டிருந்தேன். எனவே, "எந்த ஊருக்குப் போகிறார்?" என்று மரியாதையாகக் கேட்டேன். கடையே சிரித்தது. வேட்பாளராகும் வாய்ப்பு பறிபோயிற்று என்பதுதான் அங்கே பொருள். வாங்கினாலும் கட், பறித்தாலும் கட்! தமிழ்நாட்டில் அதையே நாம் 'சீட்' என்கிறோம். சீட் கிடைத்தது, சீட் மறுக்கப்பட்டது. டிக்கெட் இருந்தாலே சீட் கிடைத்துவிடும் என்று எந்த ரயில் பிரயாணியும் நம்ப மாட்டான். இந்த விஷயத்தில் நம்மவர்கள் கொஞ்சம் முன்கூட்டியே துண்டு போட்டுவிடுகிறார்கள்.

சில வருஷமாக எல்லோர் வாயிலும் இருப்பது 'டபுள் எஞ்சின் ஸர்க்கார்'. மத்தியிலும் மாநிலத்திலும் ஒரே கட்சி ஆள வேண்டும் என்பதற்கு பா.ஜ.க. பிரசாரத்தில் சொல்லும் உவமை. தமிழ்ப் பத்திரிகைகளும் இரட்டை எஞ்சின் என்றே எழுதுகின்றன. யாருக்கு ஓட்டு என்பது அவரவர் விஷயம். ஆனால் எஞ்சின் என்று வந்துவிட்டால் நான் சும்மா இருக்க முடியாது.

இரண்டு எஞ்சின் எதற்குப் போடுகிறோம்? பாரம் அதிகம், அல்லது ஏற்றம் அதிகம். கர்ஜத்திலிருந்து லோனாவ்லா ஏறும் போர் காட்டில் 37 அடி போனால் ஒரு அடி உயரும். அங்கே பின்னாலிருந்து தள்ள 'பாங்கர்' எஞ்சின் சேர்ப்பார்கள், ஏற்றம் முடிந்ததும் கழற்றிவிடுவார்கள். நம் ஊட்டி ரயிலில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை இருக்கும் ஒரே எஞ்சினும் பின்னால் இருந்துதான் தள்ளுகிறது. பின்னால் இருப்பவன் வேலை செய்கிறான், முன்னால் இருப்பவன் காட்சி பார்க்கிறான்.

முன்பக்கமே இரண்டு எஞ்சின் கோத்தால் இரண்டு விதம். டீசலிலும் மின்சார எஞ்சினிலும் இரண்டையும் கேபிளால் இணைத்து ஒரே டிரைவர் ஓட்டலாம். இரண்டாவது எஞ்சினில் ஓட்டுகிற ஆளே வேண்டாம், முதல் எஞ்சினில் கைப்பிடியைத் திருப்பினால் அதுவும் இழுக்கும். ஸ்டீம் எஞ்சின் காலத்தில் அப்படி இல்லை. இரண்டிலும் தனித்தனி டிரைவர், தனித்தனி ஃபயர்மேன். முன்னவர் விசில் கொடுப்பார், பின்னவர் பதில் விசில் கொடுப்பார், அப்புறம்தான் சேர்ந்து இழுப்பார்கள். ஆனால் ஒன்று. இரண்டு டிரைவர் இருந்தாலும் ரயிலின் பிரேக் முன்னவர் கையில்தான். பின் எஞ்சினின் பிரேக் வால்வைத் தனியே பிரித்துவிடுவோம், ஏனென்றால் இரண்டு பேர் பிரேக்கில் கை வைத்தால் வண்டி நிற்காது, அல்லது நிற்கக்கூடாத இடத்தில் நின்றுவிடும்.

மேடையில் இரட்டை எஞ்சின் என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்விதான் வரும்: கேபிள் போட்ட ஜோடியா, விசில் கொடுக்கும் ஜோடியா? பின் எஞ்சின்காரர் பிரேக் போட வேண்டும் என்று நினைத்தால் என்ன செய்வார்? லக்னோக்காரரிடம் கேட்டேன். "எஞ்சினியர் சாஹிப், நாம் பெட்டியில் உட்கார்ந்திருப்பவர்கள். ஜன்னல் ஓரம் கிடைத்தால் போதும்" என்றார்.

அவர் வேடிக்கையாகச் சொன்னதுதான் என்னை நோட்டைத் திரும்பப் புரட்ட வைத்தது. தங்கலில் நாம் கோதாவுக்கு வெளியே நிற்கும் கூட்டம். களத்தில் அறுபடும் கதிர். எஞ்சினுக்குப் பின்னால் பெட்டி. ஓட்டுப் போடுகிறவன் எங்கேயாவது தானாக ஏதாவது செய்கிறானா என்று தேடிக்கொண்டே போனேன். 'அலை'யில் வந்து நின்றேன்.

ஹிந்தியில் 'லஹர்', ஆங்கிலத்தில் வேவ். மேலும் 'ஹவா', அதாவது காற்று. "கிஸ்கீ ஹவா ஹை?" என்றுதான் டீக்கடையில் கேட்பார்கள். மே மாதத்து தில்லிக்காரர்களுக்கு 'ஆந்தி'யும் உண்டு, வானமே மஞ்சளாகும் புழுதிப் புயல். ஆங்கிலத்தில் இன்னொன்று மலைச்சரிவு. தமிழில் அது ஒட்டவில்லை, 'அமோக வெற்றி' என்று வைத்துக்கொண்டோம்.

அலை என்று யோசித்தால் எனக்கு 1984 ஞாபகம் வருகிறது. அக்டோபர் 31-ல் இந்திரா காந்தி சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த சில நாட்களில் தில்லியில் சீக்கியர்கள் கொல்லப்பட்டார்கள், அரசாங்கக் கணக்கே 2733. மிகக் கொடுமையாக நடந்த இடங்களில் ஒன்று திரிலோக்புரி. இன்று மயூர் விஹாரிலிருந்து சாலையைக் கடந்தால் அதுதான், நம்மில் பலர் காய்கறிக்கும் தையல்காரருக்கும் போய்வரும் இடம். அப்போது நான் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தேன். இரண்டு நாள் புகை தெரிந்தது. நவம்பர் 19-ல் போட் கிளப் கூட்டத்தில் ராஜீவ் காந்தி, பெரிய மரம் விழும்போது பூமி கொஞ்சம் அதிரத்தான் செய்யும் என்ற பொருளில் பேசினார். டிசம்பர் கடைசியில் தேர்தல். காங்கிரசுக்கு 404 இடம். எல்லா பாஷையிலும் அதற்கு ஒரே பெயர்: 'ஸஹானுபூதி லஹர்', அனுதாப அலை.

மரம் விழுந்தது, பூமி அதிர்ந்தது, அலை அடித்தது. எல்லாம் இயற்கை. வீட்டு வாசலில் கெரசினோடு வந்து நின்றவனுக்கு அந்த வாக்கியத்தில் இடமே இல்லை. அன்று அதைப் பேப்பரில் படித்தபோது எனக்கு இது உறைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நன்றாகத்தான் சொல்லியிருக்கிறார் என்றுகூட நினைத்தேன். வயது இருபத்தாறு. இங்கே குடிவந்து, எதிர்ச்சாரிக்குப் போய்வர ஆரம்பித்து, அந்தத் தெருக்களில் பழைய ஆட்கள் பேசக் கேட்ட பிறகுதான் அந்த மரம் என் நோட்டில் ஏறியது.

2014 மே மாதத்திலும் ஒன்று நடந்தது. அந்தத் தேர்தல் முடிவுக்கு ஆங்கிலப் பத்திரிகைகள் மோடியின் பெயரைச் சேர்த்து 'சுனாமோ' என்று சிலேடை செய்தன. தமிழிலும் 'வெற்றி சுனாமி' என்று வந்தது. பக்கத்து சொசைட்டியில் நாகப்பட்டினத்து அம்மா ஒருவர் இருந்தார். 2004 டிசம்பர் 26-ல் நாகை மாவட்டத்தில் மட்டும் சுமார் 6000 பேர் போனார்கள். அதில் அவர் தங்கை குடும்பமும் உண்டு. கோயிலில் பிரசாதம் வாங்கிக்கொண்டு நிற்கும்போது யாரோ அந்தத் தலைப்பைச் சத்தமாகப் படித்தார்கள். அந்த அம்மா என்னிடம் மெதுவாக, "சந்தோசத்துக்கு இந்த வார்த்தைதானா கெடைச்சுது, அண்ணே?" என்றார். அவர் கட்சியெல்லாம் பார்த்துப் பேசவில்லை.

எனக்கு அது புரிந்தது. பேச்சு வார்த்தை 'தடம் புரண்டது', 'பட்ரி ஸே உதர் கயீ' என்று படிக்கும்போதெல்லாம், நடு ராத்திரி ஷெட்டில் விபத்து சைரன் ஊதியதும், நிவாரண ரயிலில் ஏறிப் போனதும், பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் பார்த்ததும் ஞாபகம் வரும். எழுதுகிறவரைக் குறை சொல்ல முடியாது. அவர் பார்த்திருக்க மாட்டார்.

வங்கியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'வோட் பேங்க்' என்ற சொல்லை 1955-ல் மைசூர் கிராமம் ஒன்றைப் பற்றி எழுதும்போது சமூகவியல் அறிஞர் எம்.என். சீனிவாஸ் பயன்படுத்தினார். ஊர்ப் பெரிய மனிதர் கையில் கட்டாக இருக்கும் ஓட்டுகளைத்தான் அவர் குறித்தார். பிறகு அது ஜாதி, மதம், ஊர்க்காரர்கள் என்று பரவிவிட்டது. ஹிந்தியில் 'வோட் பேங்க் மே ஸேந்த்' என்று தலைப்பே போடுவார்கள், வங்கிச் சுவரில் கன்னம் வைத்தாயிற்று என்று. மயூர் விஹாரிலும் தேர்தலுக்குத் தேர்தல் 'தென்னிந்திய வோட்' தேடி வருகிறார்கள். "வணக்கம்" சொல்லக் கற்றுக்கொண்டு வருகிறார்கள், இட்லியும் சாப்பிடுகிறார்கள். எங்கள் வீட்டில் நான்கு ஓட்டு. மூன்று கட்சிக்குப் போகிறது, நான்காவது யாருக்கு என்று என் மனைவி இதுவரை சொன்னதில்லை. இதில் எந்தக் கணக்கில் யார் பணம் எடுப்பது?

ஒருவேளை அடிப்படைச் சொல்லிலேயே விடை இருக்கலாம் என்று அங்கே போய்ப் பார்த்தேன். ஆங்கில 'வோட்' லத்தீனிலிருந்து வந்தது, நேர்த்திக்கடன், விருப்பம் என்ற பொருள். ஹிந்தியில் 'மத்தான்': மதம் என்றால் அபிப்பிராயம், சம்மதம் என்ற சொல்லில் இருக்கும் அதே மதம். தான் என்பது தானம். அபிப்பிராயத்தைத் தானமாகக் கொடுக்கிறார்கள். தானம் கொடுத்ததைத் திரும்பக் கேட்கக் கூடாது, அதற்குக் கணக்கும் கேட்கக் கூடாது என்பது நம் சாஸ்திரம். எனக்கு அது சரிப்படவில்லை. தமிழில் 'வாக்கு'. வாக்குக் கொடுத்தான் என்றால் சொல் கொடுத்தான். கட்சி தருவது வாக்குறுதி, நாம் தருவது வாக்கு. இரண்டு பக்கமும் சொல்தான், இருவரும் கட்டுப்பட்டவர்கள். என் நோட்டில் ஓட்டுப் போடுகிறவன் ஆளாக நிற்கும் இடம் இது ஒன்றுதான்.

ஆனால் வீட்டில் யார் 'வாக்களித்தேன்' என்கிறோம்? ஓட்டுப் போட்டேன் என்கிறோம். ஹிந்தியிலும் 'வோட் டாலா', உள்ளே போட்டேன். 1951-52 முதல் பொதுத் தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி, சின்னம் ஒட்டியது. எந்தப் பெட்டியில் போடுகிறோமோ அவருக்கு ஓட்டு. அப்போது பொருத்தமான சொல். 2004-லிருந்து நாடு முழுதும் இயந்திரம், பொத்தானை அழுத்துகிறோம். இருந்தும் யாரும் 'ஓட்டு அழுத்தினேன்' என்று சொல்வதில்லை.

2025 பிப்ரவரி 5 அன்று பேத்தி பள்ளிக்கூட வாசல் வரை என்னோடு வந்தாள். உள்ளே பொத்தானை அழுத்தினேன். பக்கத்து இயந்திரத்தின் கண்ணாடிக்குள் சின்னத்தோடு ஒரு சீட்டு தெரிந்தது. ஏழு வினாடி நிற்கும் என்று விதி. நான் மனதுக்குள் எண்ணினேன். சீட்டு அறுந்து பெட்டிக்குள் விழுந்தது. வெளியே வந்ததும், "தாத்தா, போட்டாச்சா?" என்றாள்.

"போட்டாச்சும்மா" என்றேன்.